ரண்ஜீத்தின் கெண்டைக்கால்

சிந்தேவாடி,
கோலாப்பூர் மாவட்டம்,
12 ஜனவரி 1982

ஷாலனுக்கு ஹிந்துராவ் எழுதுவது.

நீ தீபாவளிக்கு வந்து போனதிலிருந்து உன் அக்கா சுமன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் காதில் என்ன ஓதிவிட்டுப் போனாய்? "பையனை மிரஜுக்குக் கூட்டிட்டுப் போகணும், பெரிய டாக்டர்கிட்ட காட்டணும்" என்று இரண்டு மாதமாக ஒரே பாட்டு. ஆஸ்பத்திரியில் அடுத்தவன் சதையைச் சீவிக் கண்ணாடிச் சில்லில் ஒட்டுகிற வேலை உனக்கு. அதையே பார்த்துப் பார்த்து, ஓடி விளையாடும் பிள்ளைகூட உன் கண்ணுக்கு நோயாளியாகத் தெரிகிறது.

என் மகனுக்கு என்ன குறை? ரண்ஜீத்தின் கெண்டைக்காலைப் பார்த்தாயா இல்லையா? ஐந்தரை வயதில் அப்படி ஒரு கால் இந்தத் தாலுகாவில் யாருக்கு இருக்கிறது? போன வாரம் குஸ்தி பழகுகிற தாலீமில் வஸ்தாத் அதை அமுக்கிப் பார்த்தார். எனக்கே குஸ்தி சொல்லிக்கொடுத்த மனுஷன், லேசில் யாரையும் மெச்ச மாட்டார். "டேய் ஹிந்து, இது நீ குடிச்ச பாலு இல்லடா, உங்கப்பன் குடிச்ச பாலு. பேரன் கால்ல வந்து நிக்குது" என்றார். நாலு பேர் முன்னால் சொன்னார்.

இன்னொன்று கேள். தரையில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கும்போது குப்புறத் திரும்பிக் கையை ஊன்றுகிறான். பிறகு முழங்காலில் ஒரு கை, தொடையில் ஒரு கை என்று தட்டித் தட்டி ஏறி நிற்கிறான். கோதாவில் இறங்கும் மல்லன் தொடை தட்டிச் சவால் விடுவானே, அதே மாதிரி. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் எழுந்தாலே தாலீம் பையன்கள் "வந்தாருய்யா பயில்வான்! யாருடா ஜோடி?" என்று கூச்சல் போடுகிறார்கள். அவனும் சிரிக்கிறான்.

ஓட்டத்தில் கொஞ்சம் மந்தம்தான், அடிக்கடி விழுகிறான். தொடை இன்னும் கெண்டைக்காலுக்கு ஈடாக வரவில்லை. அதற்காகப் புது வருஷத்திலிருந்து உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து தினம் ஐம்பது பஸ்கி போட வைக்கிறேன். எருமைப் பால், நெய், ஊறவைத்த பாதாம் எல்லாம் போகிறது. சித்திரை மாத ஜாத்திரைத் திருவிழாவில் சின்னப் பிள்ளைகள் குஸ்தியில் அவனை இறக்கப் போகிறேன். நீ வந்து பார். வாயை மூடிக்கொண்டு பார்.

ஹிந்துராவ்


மிரஜ்,
19 ஜனவரி 1982

தாஜிக்கு உங்கள் மைத்துனியின் நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் தடவை சிரிப்பு வந்தது. நீங்கள் அப்படித்தான் எழுதுவீர்கள். அப்புறம் தொடை தட்டி எழுந்திருக்கிறான் என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போனேன். அக்காவைத் திட்டாதீர்கள். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள், எனக்கு அது பழக்கம்.

சதை சீவுகிறவள் என்று சொன்னதில் தப்பில்லை. நீங்களும் நாள் முழுக்கச் சதையோடுதான் இருக்கிறீர்கள். நீங்கள் வெளியிலிருந்து பார்க்கிறீர்கள், நான் உள்ளே பார்க்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

நல்ல தசை என்பது கட்டுக் கட்டாகச் சேர்ந்த நார். ஒவ்வொரு நாருக்கும் தனி உறை, ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் உறை, மொத்தத்துக்கும் சேர்த்து இன்னோர் உறை. நாருக்குள் தடித்த இழையும் மெல்லிய இழையும் மாறி மாறி அடுக்கியிருக்கும். நீங்கள் பிடி போடும்போது இரண்டு கை விரல்களும் ஒன்றுக்குள் ஒன்று கோத்து இறுகுமே, அதுபோல இந்த இழைகள் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி நுழையும்போது தசை சுருங்குகிறது, கால் எழுகிறது. பஸ்கி போட்டால் நார்களில் சின்னச் சின்னக் கிழிசல் விழும். உங்களுக்கு அது நாலு நாளில் ஆறிவிடும், முன்னைவிடத் தடிக்கவும் செய்யும். தாலீமில் எல்லோருக்கும் உடம்பு ஏறுவது அப்படித்தான்.

சில பிள்ளைகளுக்கு அப்படி ஆறுவதில்லை, தாஜி. அந்த உறையில்தான் பிறவிக் கோளாறு என்று எங்கள் டாக்டர் நினைக்கிறார், உறுதியாக யாருக்கும் தெரியாது. கிழிந்த நார் சில வருஷம் ஒட்டப் பார்க்கும், பிறகு செத்துப்போகும். செத்த இடத்தைக் கொழுப்பும் தழும்பும் அடைத்துக்கொள்ளும். அதனால்தான் கெண்டைக்கால் பெருத்துக் கல் மாதிரி இருக்கும். அதில் பலம் இருக்காது.

ரண்ஜீத்துக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இருக்கக் கூடாது என்றுதான் சாமியைக் கும்பிடுகிறேன். ஒன்று மட்டும் செய்து பாருங்கள். அவனைத் தரையில் உட்காரவைத்து, கையைத் தொடையில் வைக்காமல் எழுந்திருக்கச் சொல்லுங்கள். முடிந்தால் நான் முட்டாள், ஜாத்திரைக்கு வந்து எல்லார் முன்னாலும் உங்கள் காலில் விழுகிறேன். முடியாவிட்டால் பஸ்கியை நிறுத்திவிட்டு இங்கே கூட்டி வாருங்கள்.

ஷாலன்


சிந்தேவாடி,
2 மார்ச் 1982

ஷாலனுக்கு,

பதில் போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். உன் அக்கா சோறு வைக்கும்போதெல்லாம் தட்டை 'டங்'கென்று வைக்கிறாள், அதனால் எழுதுகிறேன்.

நீ சொன்னதைச் செய்தேன். கையைத் தொடையில் வைக்கக் கூடாது என்றால் பயலுக்குக் கேட்காது. ஆகவே துண்டால் இரண்டு கையையும் பின்னால் கட்டி, "எந்திரிடா பயில்வான்" என்றேன். உட்கார்ந்த இடத்திலேயே ஆடினான். முகம் சிவந்துவிட்டது. "அப்பா, கைய அவுத்து விடுப்பா. தரை என்னை விட மாட்டேங்குது" என்றான். நான் ஒரு அதட்டுப் போட்டேன். எம்பினான், முகம் குப்புற விழுந்தான். தாடையில் மூன்று தையல்.

கையைக் கட்டினால் நானும்தான் விழுவேன். இதில் என்ன கண்டுபிடித்தாய் நீ? பயலுக்குச் சோம்பல். அம்மாக்காரி இடுப்பிலேயே வைத்து வளர்த்த கொழுப்பு. இப்போது தினம் நூறு பஸ்கி. ஐந்து ஐந்தாகப் பிரித்து, என் விரலைப் பிடித்துக்கொண்டு போடுகிறான். அழுதுகொண்டே போடுகிறான், ஆனால் போடுகிறான்.

எங்கள் வம்சத்தில் கால் விளங்காதவன் ஒருத்தன் கிடையாது. என் அப்பா எழுபது வயதில் கரும்புக் கட்டைத் தலையில் தூக்கி வண்டியில் போட்டவர். பிறவிக் கோளாறு அது இது என்று இன்னொரு தரம் என் வீட்டுக்கு எழுதாதே. சுமன் முழுகாமல் இருக்கிறாள். இந்த நேரத்தில் அவள் மனசைக் கலைத்தால் நன்றாக இருக்காது.

நாளை மறுநாள் பெல்காம் பக்கம் குஸ்திக்குப் போகிறேன். வர மூன்று வாரம் ஆகும்.

ஹிந்துராவ்


மிரஜ்,
25 மார்ச் 1982

தாஜி,

இந்தக் கடிதம் வருவதற்குள் ஊரில் யாராவது சொல்லியிருப்பார்கள். ஆமாம், நீங்கள் இல்லாதபோது அக்கா பையனைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தாள். நான்தான் வரச் சொன்னேன். அவள் மேல் கை வைக்காதீர்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி.

பதினேழாம் தேதி அவன் தொடையில் மரத்துப்போக ஊசி போட்டு, விரல் நுனி அளவு சதை எடுத்தார்கள். எதற்கு என்று கேட்டான். "உன் பலத்தைப் பாக்கப் போறாங்க" என்று அக்கா சொல்லிவிட்டாள். "நான் ஜெயிச்சிட்டனா மாவுஷி?" என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தான். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

வேறு ஆள் வெட்டட்டும் என்று டாக்டர் சொன்னார். நான் விடவில்லை. இந்த ஆஸ்பத்திரியில் என்னைவிடச் சுத்தமாகச் சீவுகிறவர்கள் இல்லை, இது பெருமைக்காகச் சொல்வதில்லை. சாயம் ஏற்றி, காயவைத்து, டாக்டருக்கு முன்னால் நானேதான் பார்த்தேன். அவர் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை.

அந்த நோய்தான்.

மருந்து கிடையாது. பம்பாயிலும் கிடையாது, சீமையிலும் கிடையாது. பத்துப் பதினோரு வயது வரை நடப்பான், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். மேலே எழுத எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் வாருங்கள், கண்ணால் பாருங்கள், என்னைத் திட்டுங்கள். ஆனால் அந்த நூறு பஸ்கியை இந்தக் கடிதம் பார்த்த நிமிஷத்தோடு நிறுத்துங்கள். அவன் அழுதது சோம்பலால் அல்ல.

ஷாலன்


சிந்தேவாடி,
11 ஏப்ரல் 1982

ஷாலன்,

மிரஜிலிருந்து வந்து எட்டு நாள் ஆகிறது. அங்கே உன்னிடம் சொல்லிக்கொள்ளாமலே பஸ் ஏறிவிட்டேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

மைக்ராஸ்கோப்பில் நீ முதலில் காட்டியது லாரி விபத்தில் செத்த ஒரு டிரைவரின் சதை என்றாய். மாதுளையை உடைத்தால் முத்துகள் இடம் விடாமல் நெருக்கிக்கொண்டு நிற்குமே, அப்படி இருந்தது. நார்க்கட்டைக் குறுக்கே வெட்டினால் அப்படித்தான் தெரியும் என்று சொன்னாய். இருபது வருஷமாக நான் வளர்த்த பொருளை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். நன்றாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு என் மகனுடையதை வைத்தாய். ஒன்று பெரிசு, ஒன்று பொடிசு, உருண்டை உருண்டையாக, ஒன்றையொன்று தொடாமல் கிடந்தன. நடுவில் வெள்ளை வெள்ளையாக இருந்தது. "இது என்ன?" என்றேன். "கொழுப்பு தாஜி" என்றாய். நான் ஊட்டிய நெய்யா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

ஜாத்திரைப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டான். "உனக்கு ஜோடி கிடைக்கலடா. அத்தனை பயலும் உன்னைப் பாத்துப் பயந்துட்டான்" என்றேன். அதை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான். கேட்டவர்கள் என்னைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொள்கிறார்கள்.

ஜனவரியிலிருந்து அவன் போட்ட பஸ்கியை எண்ணிப் பார்த்தேன். ஐயாயிரத்துக்கு மேல் வருகிறது. ஒவ்வொன்றிலும் எத்தனை நார் போயிருக்கும்? நான் சும்மா விட்டிருந்தால் இன்னும் எத்தனை நாள் கூட நடந்திருப்பான்? உனக்குத் தெரிந்தால் மறைக்காமல் எழுது.

இன்னொரு கேள்வி. சிரிக்காதே. என் எடை தொண்ணூற்றெட்டு கிலோ. இரண்டு தொடையிலும் வேண்டிய மட்டும் சதை இருக்கிறது. எனக்கு இனிக் குஸ்தி வேண்டாம். அதை வெட்டி எடுத்து அவனுக்கு வைக்க முடியுமா என்று உன் டாக்டரைக் கேள். ஒரு கால் போதும் என்றால் ஒரு கால். இரண்டும் வேண்டும் என்றால் இரண்டும்.

ஹிந்துராவ்


மிரஜ்,
20 ஏப்ரல் 1982

தாஜிக்கு,

டாக்டரைக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. முடியாது என்றார். இன்னொருவர் சதையை அவன் உடம்பு சேர்த்துக்கொள்ளாது. அப்பன் சதையாக இருந்தாலும் அழுகிப்போகும். சேர்ந்தாலும் காலோடு நிற்கிற நோய் இல்லை இது.

உடம்பில் தசை மூன்று வகை. கை கால் தசை நாம் சொன்னபடி கேட்கும். குடல் தசை நம்மைக் கேட்காமல் தன் பாட்டில் வேலை செய்யும். மூன்றாவது இதயம், அதுவும் தசைதான், பிறந்தது முதல் ஒரு நிமிஷம் ஓய்வில்லாத தசை. இந்த நோய் முதலில் கால்களைத் தின்னும், பிறகு கைகளை, பிறகு மூச்சு இழுக்கிற தசையை. இதயத்தையும் விடாது. இருபது வயதைத் தாண்டினவர்களை எங்கள் டாக்டர் பார்த்ததில்லை. போன கடிதத்தில் எழுதத் தைரியம் இல்லை என்றேனே, அது இதுதான்.

பஸ்கியால் எத்தனை நாள் போனது என்று கேட்டீர்கள். தெரியாது தாஜி. கெடுதல் நடந்திருக்கும், எவ்வளவு என்று யாராலும் அளக்க முடியாது. ஒன்றும் ஆகவில்லை என்று எழுதி உங்கள் மனசை ஆற்றலாம். ஆனால் உங்கள் வீட்டுக்கு நாங்கள் ஏற்கெனவே ஒரு பெரிய பொய் சொல்லியிருக்கிறோம். இன்னொன்று வேண்டாம்.

எங்களுக்கு பாபு என்று ஒரு அண்ணன் இருந்தான், அக்காவுக்கு அடுத்தவன். பதினாறு வயதில் காய்ச்சலில் போனான் என்று பெண் பார்க்க வந்தபோது அப்பா உங்களிடம் சொன்னார். காய்ச்சல்தான். ஆனால் அதற்கு முன்னால் ஆறு வருஷம் அவன் நடக்கவில்லை. அவனுக்கும் கெண்டைக்கால் அப்படித்தான் இருந்தது. அம்மா எங்கள் இரண்டு பேரையும் சாமி படத்தின் முன் நிறுத்தி, "வெளிய மூச்சு விட்டீங்க, உங்களுக்குக் கல்யாணமே நடக்காது" என்று சத்தியம் வாங்கினாள். தீபாவளிக்கு ரண்ஜீத் எழுந்து நின்றதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. அக்காவுக்கும் தெரியும். வாயைத் திறந்து ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

இது தாய் வழியில் வருவது. பெண்களுக்கு நோய் வராது, சுமந்து மகனுக்குக் கொடுப்பார்கள். மகனாகப் பிறந்தால் பாதிக்குப் பாதி. அக்காவுக்கு இப்போது நான்காம் மாதம். எனக்குள்ளும் இருக்கலாம். சாங்லியில் எனக்குப் பேசி முடித்திருந்தார்களே, அவர்களிடம் போன ஞாயிற்றுக்கிழமை நானே சொன்னேன். தேநீரைக் குடித்து முடிக்காமலே போய்விட்டார்கள்.

உங்கள் வம்சத்தில் குறையே இல்லை. நாங்கள் கொண்டு வந்தது. என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். அக்காவை அனுப்பிவிடாதீர்கள்.

ஷாலன்


சிந்தேவாடி,
4 நவம்பர் 1982

ஷாலன்,

ஆறு மாதம் உனக்கு எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் கெட்ட வார்த்தைதான் வந்தது. ஏமாற்றுக்காரக் குடும்பம் என்று உன் அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன்.

என் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னது என் தப்பு. "அனுப்பிடு அவளை. வித்து கெட்டதுன்னு தெரிஞ்சும் தலையில கட்டிட்டாங்க. ராதாநகரி பக்கம் ஒரு பொண்ணு இருக்கு, எடுப்பா இருக்கா" என்று மே மாதம் முழுக்கக் காதில் ஊதினாள். நீயும் பொய் சொல்ல வேண்டாம் என்றாய், நானும் சொல்லவில்லை: அவள் பேச்சைக் கேட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை சுமனையும் பையனையும் டிரங்குப் பெட்டியோடு மிரஜ் பஸ்ஸுக்குக் கூட்டிப் போனேன்.

பஸ் வந்தது. பயலுக்குப் படி ஏற முடியவில்லை. அவளாலோ வயிற்றோடு தூக்க முடியாது. பின்னாலிருந்தவர்கள் கத்தினார்கள், கண்டக்டர் "சீக்கிரம் பயில்வான், சீக்கிரம்" என்றான். நானே தூக்கி உள்ளே உட்காரவைத்துவிட்டு இறங்கப் போனேன். சட்டையைப் பிடித்துக்கொண்டான். "நீ வரலியாப்பா? அப்ப அங்க யாரு என்னை எறக்குவா?" என்றான்.

பக்கத்திலேயே உட்கார்ந்தேன். அடுத்த நிறுத்தத்தில் மூன்று பேரும் இறங்கினோம். அவனைத் தோளிலும் பெட்டியைக் கையிலுமாகத் திரும்பி நடந்தேன். அம்மா இப்போது என் தம்பி வீட்டில் இருக்கிறாள்.

நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் இந்தக் கல்யாணம் செய்திருக்க மாட்டேன், ரண்ஜீத்தும் பிறந்திருக்க மாட்டான். அதுவே நல்லது என்று நினைத்துப் பார்க்கிறேன். முடியவில்லை. அதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை.

செப்டம்பர் இருபதாம் தேதி சுமனுக்குப் பிரசவம் ஆனது. பையன். ஊருக்கெல்லாம் பேடா கொடுத்தேன். நோய் இருந்தால் இந்த வயதிலேயே ரத்தத்தில் தெரியும் என்று, நான் கேட்டதற்கு உன் டாக்டர் பதில் எழுதியிருந்தார். தசையிலிருந்து கசிகிற ஏதோ ஒன்று அதில் ஏறியிருக்குமாமே. நேற்று இங்கே ஒரு டாக்டரை வைத்து ரத்தம் எடுத்து, ஐஸில் வைத்து, ஆள் மூலம் உங்கள் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறேன். மஞ்சள் காமாலைக்குப் பார்க்கிறார்கள் என்று சுமனிடம் சொன்னேன்.

முடிவு உன் கைக்குத்தான் வரும். நல்லபடியாக இருந்தால் அன்றைக்கே தந்தி அடி. அப்படி இல்லை என்றால் ஒன்றும் எழுதாதே. எழுத்தில் அதை இன்னொரு தரம் என்னால் படிக்க முடியாது. நீ எழுதாவிட்டால் நான் புரிந்துகொள்கிறேன்.

ஹிந்துராவ்


சிந்தேவாடி,
9 ஜனவரி 1983

ஷாலன்,

இரண்டு மாதம் முடிந்துவிட்டது. பிறந்ததிலிருந்து யார் பேச்சையும் கேட்காதவள், இந்த ஒரு தடவை நான் சொன்னதைக் கேட்டுவிட்டாய்.

முதல் வாரம் தபால்காரன் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடினேன். பிறகு மணி கேட்டதும் கொல்லைப் பக்கம் போய்விடுவேன். தந்தி வழியில் தொலைந்திருக்கும் என்று சில நாள் சொல்லிக்கொண்டேன். நீ லீவில் போயிருப்பாய் என்று சில நாள்.

நேற்று சுமன் சின்னவனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் பெரியவன் காலை நீட்டி மடக்கி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். இப்போது குதிகால் தரையில் படுவதில்லை, நுனிக்காலில் நடக்கிறான். நிமிர்ந்தே பார்க்காமல் அவள் கேட்டாள்: "ஷாலன் கடுதாசி போடல இல்ல?"

"இல்ல."

"மஞ்சள் காமாலைன்னா அன்னிக்கே எழுதியிருப்பா."

நான் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கொஞ்சம் கழித்து, "அப்ப இவனுக்கும் அதான்" என்றாள். குழந்தையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

இனி எழுது. நான் சொன்னதை மறந்துவிடு. பெரியவன் குதிகாலுக்கு என்ன செய்ய வேண்டும், எவ்வளவு நேரம் நடக்க விடலாம், எப்போது நிறுத்த வேண்டும், எல்லாவற்றையும் எழுது. சின்னவன் தவழ ஆரம்பித்ததும் நாங்கள் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதையும் எழுது. இந்தத் தடவை ஒன்றிலும் தப்பு செய்ய மாட்டேன். சுமன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். கடிதம் வந்தால் சத்தமாகப் படிக்கச் சொல்கிறாள்.

ஹிந்துராவ்